ஓக் மரச் சாலைக்கு மாமாவும் வரட்டும், மகளும் வரட்டும்

கேள்வி: நவம்பர் விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரும் (வயது 72) மாமியாரும் எங்களோடு வருகிறார்கள். அங்கிருந்து கைடோடு பஸ்ஸில் அழைத்துப் போய் 'ஓக் ஆலி' என்ற பழைய தோட்ட மாளிகையைக் காட்டுகிறார்களாம். மரங்கள் இரண்டு பக்கமும் குடை பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்கு அங்கே போயே ஆக வேண்டும். எட்டாவது படிக்கும் என் மகளோ, "அங்க ஆளுங்கள அடிமையா வச்சு வேலை வாங்கியிருக்காங்க. அங்க போய் செல்ஃபி எடுக்கணுமா? நான் வரல" என்கிறாள். என் கணவர், பஸ் எதற்கு, காரிலேயே போய்விடலாம் என்கிறார். மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. நாங்கள் போகலாமா? எந்த இடத்துக்குப் போவது? மகளிடம் என்ன சொல்வது? — வாசகி, ஹூஸ்டன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

போய்வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டே போங்கள். ஆனால் ஓக் ஆலிக்கு மட்டும் போய்வரும் அரை நாள் டிக்கெட்டை எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே விட்னி என்றொரு தோட்டம் இருக்கிறது. இரண்டையும் காட்டும் முழு நாள் பயணமாகப் பார்த்து எடுங்கள். முடிந்தால் காலையில் விட்னி, மதியத்துக்கு மேல் ஓக் ஆலி என்று அமையட்டும். இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் உங்கள் மகள். அவள் அடம் பிடிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். இதே கேள்வியை வைத்து அமெரிக்காவில் பெரியவர்களே வருடக்கணக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாளிகைகள் பலவற்றைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த மாதிரிக் கல்யாணங்களுக்குத் தங்கள் தளத்தில் விளம்பரம் தேடித்தர மாட்டோம் என்று 2019இல் பின்டரெஸ்ட் அறிவித்தது. 2025 மே மாதம், இதே மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1859இல் கட்டி முடித்த நாட்டவே என்ற பெரிய மாளிகை தீப்பிடித்து எரிந்து போனது. அன்றைக்கு 'எவ்வளவு அழகான வீடு' என்று கண்ணீர் விட்டவர்களும் உண்டு, 'எரிந்தது நல்லது' என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்திலும் நான் சேர மாட்டேன். வீடு எரிந்தால் அதோடு சாட்சியும் எரிந்துவிடுகிறது என்பது என் கருத்து. பன்னிரண்டு வருடங்களாகத் தமிழ்க் குடும்பங்களை இந்தப் பக்கம் அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கும் அதுதான் காரணம்.

விட்னியைப் பற்றிச் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் இப்படித் திறந்து வைத்திருக்கும் தோட்டங்களில், அடிமைகளாக வாழ்ந்தவர்களின் கதையை மட்டுமே சொல்வதற்காக நடத்தப்படும் இடம் இது. 1752இல் ஹைடெல் என்ற ஜெர்மானியக் குடியேறி வாங்கிய நிலம். முதலில் அவுரி போட்டார்கள், பிறகு கரும்பு. ஜான் கம்மிங்ஸ் என்ற நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் இதை வாங்கிச் சீரமைத்து 2014 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார். 2019இல் அதை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் மாளிகையைக் காட்ட மாட்டார்கள். ஒரு பழைய மரத் தேவாலயம் வரும். அதற்குள் பெஞ்சு ஓரங்களிலும் நடைவழியிலும் களிமண்ணால் செய்த குழந்தைகள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். கண்களுக்கு விழி வைக்காமல் குழியாக விட்டிருக்கிறார் சிற்பி உட்ரோ நாஷ். அடிமைத்தளையில் பிறந்து, 1930களில் தொண்ணூறைத் தொடும் வயதில் அரசாங்கம் அனுப்பிய எழுத்தர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்களே சிலர், அவர்கள் விடுதலை வந்த அன்று இந்த வயதுப் பிள்ளைகள். அந்த உருவங்கள்தாம் இவை. உங்கள் மகள் இங்கே செல்ஃபி எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். யாருமே எடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்து பெயர்கள் செதுக்கிய கருங்கல் சுவர்கள். க்வென்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் வருடக்கணக்கில் நீதிமன்றங்களிலும் பத்திரப் பதிவுக் கட்டுகளிலும் உட்கார்ந்து, பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் எழுதியிருந்த விற்பனைப் பத்திரம், உயில், சொத்துப் பட்டியல் எல்லாவற்றையும் புரட்டி, லூசியானாவில் 1820 வரை அடிமைகளாக இருந்தவர்களைப் பற்றிச் சேர்த்த தகவல்கள். அதிலிருந்து 107,000 பேரின் பெயர்கள் இங்கே கல்லில் இருக்கின்றன. பலருக்கு ஒற்றைப் பெயர்தான். அப்பா பெயர் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. மகளை இங்கே கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடுங்கள். "வா, போகலாம்" என்று கூப்பிடாதீர்கள். விரலால் தடவி வாசிக்கட்டும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வட்டமான முற்றம். நடுவில் கறுப்பு வெண்கலத்தில், சிறகுள்ள பெண் ஒருத்தி பச்சைக் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறாள். சுற்றிலும் உள்ள கற்களில் 2,200 குழந்தைகளின் விவரம். அந்த வட்டாரத்தில் அடிமைகளாகப் பிறந்து மூன்று வயதுகூட ஆகாமல் இறந்த குழந்தைகள். அத்தை இந்த இடத்தில் கலங்கிவிடக்கூடும். நான் அழைத்துப் போன அம்மாக்களில் பாதிப்பேர் இங்கே அழுதிருக்கிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் கைக்குட்டையும் உங்கள் பையில் இருக்கட்டும்.

ஒன்றை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1811 ஜனவரியில் இந்த ஆற்றங்கரை அடிமைகள் திரண்டு எழுந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். அடக்கிய பிறகு, பிடிபட்டவர்களைக் கொன்று தலைகளைக் கரை நெடுகக் கம்பங்களில் குத்தி வைத்தார்கள். அந்தத் தலைகளையும் விட்னியில் சிலையாக வைத்திருக்கிறார்கள், சற்று ஒதுக்குப்புறமாக. பார்ப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இனி மாமாவுக்காக ஒன்று. இந்தத் தோட்டங்களில் ஆங்காங்கே பெரிய இரும்புக் கொப்பரைகளைப் பார்ப்பீர்கள். பல இடங்களில் அதில் தண்ணீர் நிரப்பி அல்லி வளர்க்கிறார்கள், பார்க்க அலங்காரமாக இருக்கும். அவையெல்லாம் கரும்புச் சாறு காய்ச்சிய கொப்பரைகள். பெரிதிலிருந்து சிறிதாக நாலைந்தை ஒரே அடுப்பின் மேல் வரிசையாகப் பதித்திருப்பார்கள். கொதிக்கும் சாற்றை நீண்ட காம்புள்ள அகப்பையால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மொண்டு ஊற்றிக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கொப்பரையில் பாகு பதத்துக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன் என் குழுவில் ஒரு பெரியவர் வந்தார். ஊரில் வெல்லம் காய்ச்சிய குடும்பம். அதுவரை கைடு சொன்னதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை, இங்கிலீஷும் சரியாகப் பிடிபடவில்லை. கொப்பரையைக் கண்டதும் நின்றுவிட்டார். விளிம்பில் கை வைத்து, "இது கடைசிக் கொப்பரை. இதுலதான் பதம் பாக்கறது. ஒரு நிமிஷம் கண் அசந்தாலும் தீஞ்சு போயிடும், இல்ல மேல தெறிக்கும். தெறிச்சா தோலோட வரும்" என்றார். நான் அதை கைடுக்கு மொழிபெயர்த்தேன். கைடு, அறுவடைக் காலத்தில் இங்கே இரவு பகலாக ஆலை ஓடும், ஒரு ஆள் பதினாறு, பதினெட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது என்றார். அதைக் கேட்ட பெரியவர், "தூக்கக் கலக்கத்துல இதுக்குப் பக்கத்துல நிக்கவே கூடாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்தான் முன்னால் நடந்தார்.

ஏன் அந்த அவசரம் என்றால், லூசியானாவில் பனி விழும். கரும்புக்குச் சொந்தமான வெப்ப நாடுகளில் போல அங்கே பயிர் ஆண்டு முழுக்க நிற்க முடியாது. முற்றியதும், உறைபனி தாக்குவதற்குள் வெட்டிப் பிழிந்து காய்ச்சி முடிக்க வேண்டும். அக்டோபரில் தொடங்கி வருடக் கடைசி தாண்டியும் இது நடக்கும். 1795இல் எத்தியேன் தெ போரே என்பவரின் தோட்டத்தில் சாற்றைச் சர்க்கரையாகக் கட்டவைத்து லாபம் பார்த்த பிறகு, ஆற்றங்கரை முழுக்கக் கரும்பாயிற்று. வேலைக்கு ஆள் மாண்டுபோக, மேற்கொண்டு ஆள் வாங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808இல் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து குடும்பங்களைப் பிரித்துத் தெற்கே விற்றார்கள். அந்தச் சந்தைகளில் பெரியது நியூ ஆர்லியன்ஸ். நீங்கள் தங்கப்போகும் ஓட்டலிலிருந்து நடக்கும் தூரத்தில்கூட அப்படி ஒரு ஏல இடம் இருந்திருக்கும்.

நீங்கள் போவது நவம்பர். அறுவடை நேரம். பஸ்ஸை ஒட்டியே கரும்பு லாரிகள் போகும். ஜன்னல் வழியாக மாமா கண்ணால் பார்க்கலாம். இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஓக் ஆலிக்குப் போனால் அந்த மரச் சாலை வேறு மாதிரித் தெரியும். மாமா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பக்கத்துக்கு 14ஆக 28 ஓக் மரங்கள், வீட்டிலிருந்து ஆற்றை நோக்கிச் சுமார் 800 அடி நீளத்துக்கு. கிளைகள் தரையைத் தொட இறங்கி மறுபடி மேலே ஏறும். வீட்டைவிட மரங்கள் பழையவை. 1700களின் தொடக்கத்தில் யாரோ நட்டவை என்கிறார்கள். ஜாக் தெலெஸ்ஃபோர் ரோமன் என்பவருக்காக 1837க்கும் 1839க்கும் இடையில் இந்த மாளிகையைக் கட்டினார்கள். கட்டியவர்கள் அடிமைகள். 1836 முதல் உள்நாட்டுப் போர் வரை இங்கே அடிமைகளாக இருந்தவர்கள் 220 பேர். வீட்டுக்குப் பின்னால், நம் மலையகத்து ஆட்கள் லயம் என்பார்களே அதுபோல, வரிசையாகக் குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் அந்தப் பெயர்கள் சுவரில் இருக்கும். பஸ் நின்றதும் எல்லோரும் மரச் சாலைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் குடிசைப் பக்கம் போங்கள். கூட்டமும் இருக்காது.

அங்கே அந்த்வான் என்ற பெயரைத் தேடச் சொல்லுங்கள் மகளிடம். தோட்டக்காரர். பீகான் கொட்டை மரத்தில் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்க முடியாமல் பலர் தோற்றிருந்த காலத்தில், 1846–47 குளிர்காலத்தில் அவர் 16 மரங்களில் ஒட்டுக்கட்டி வெற்றி கண்டார். மெல்லிய ஓடு, கையால் அழுத்தினாலே உடையும். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்தக் கொட்டைக்குப் பரிசு கிடைத்தது, 'சென்டென்னியல்' என்று பெயரும் வைத்தார்கள். அந்த்வானுக்குக் கிடைத்தது என்ன? எஜமான் 1848இல் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் ஒரு வரி: வயது 38, ஒட்டுக்கட்டுவதில் வல்லவர், விலை 1,000 டாலர். ஒட்டுமாங்கன்று வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். மாமாவுக்குச் செடிகொடியில் ஆசை இருந்தால் இந்தக் கதையை அவரே பேத்திக்குச் சொல்லட்டும்.

விட்னிக்கு இடம் கிடைக்காவிட்டால் லாரா தோட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். 1805 வாக்கில் கட்டிய வீடு, வெள்ளைத் தூண் மாளிகை கிடையாது, மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்ற கிரியோல் வீடு, அதாவது அங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சு வழிக் குடும்பங்களின் பாணி. அங்கே அடிமைகள் வாழ்ந்த குடிசைகள் அசலாகவே நிற்கின்றன. 1870களில் அந்தப் பக்கத்துப் பாட்டிகளும் தாத்தாக்களும் சொன்ன முயல் கதைகளை ஒருவர் எழுதி வைத்தார். அந்தக் கதைகளில் முயலிடம் ஏமாறும் மிருகத்துக்குப் பெயர் 'பூக்கி'. செனகலின் வோலோஃப் மொழியில் பூக்கி என்றால் கழுதைப்புலி. லூசியானாவில் கழுதைப்புலியே கிடையாது. மிருகத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கும் அதன் பெயரைக் கடத்திக் கொடுத்திருக்கிறார்கள். வேறொரு மண்ணில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது லேசில் மறக்காது.

பஸ்ஸா காரா என்பதில் உங்கள் கணவர் சொல்வதையும் தள்ள முடியாது. காரில் போனால் மாமா களைத்ததும் கிளம்பிவிடலாம். ஆனாலும் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். சதுப்பு நிலத்தின் மேல் பாலமாகவே ஓடும் நெடுஞ்சாலை, 1927 வெள்ளத்துக்குப் பிறகு 1931இல் கட்டிய வெள்ள வடிகால், பிறகு பழைய கரும்புத் தோட்டங்கள் இருந்த இடத்தில் வரிசையாக ரசாயன ஆலைகள். அந்த ஆலைகளின் புகையைச் சுவாசிப்பவர்களில் பலர் அதே அடிமைகளின் வழிவந்தவர்கள். நல்ல கைடு இதையெல்லாம் கோத்துச் சொல்வார். காரில் போனால் இது வெறும் ரோடு.

எல்லாமே கைடைப் பொறுத்தது. வேறொரு மாளிகையில் ஒருமுறை எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மணி நேரமும் திரைச்சீலை, வெள்ளித்தட்டு, படுக்கையின் மரவேலை. என் குழுவில் வந்த அம்மா ஒருவர், "இத்தனை பேருக்குச் சமைத்தவர்கள் எங்கே படுத்தார்கள்?" என்று கேட்டார். "அவர்களைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார்கள்" என்று சொல்லிவிட்டு கைடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து டிக்கெட் எடுப்பதற்கு முன் ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "வேலை செய்தவர்களின் குடியிருப்பில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" நிமிடக் கணக்கில் பதில் வந்தால் பணம் கட்டுவேன். மழுப்பினால் வேறு ஆளைப் பார்ப்பேன். நீங்களும் கேளுங்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவார்கள் என்பதையும் அதே ஃபோனில் கேட்டுவிடலாம்.

மாமாவின் முழங்கால்: விட்னியில் நடை அதிகம், திறந்த வெளி, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். வேண்டாமென்று முதலில் சொல்வார், பாதி வழியில் உட்காருவார். ஓக் ஆலி மாளிகையின் மாடிக்குப் படி ஏற வேண்டும். அவர் கீழேயே இருந்துவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை, மரங்கள் வெளியில்தானே இருக்கின்றன. பஸ்ஸில் கழிப்பறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிறிய வண்டிகளில் இருக்காது. மதிய உணவு பெரும்பாலும் டிக்கெட்டில் சேராது, அந்தப் பக்கம் சைவம் கிடைப்பதும் கஷ்டம், கட்டுச்சோறு கொண்டுபோங்கள். கொசு மருந்து நவம்பரிலும் வேண்டும். டிரைவருக்கும் கைடுக்கும் இறங்கும்போது டிப்ஸ் கொடுப்பது வழக்கம். நன்றி நவிலும் வியாழக்கிழமை அன்று இந்த இடங்கள் மூடியிருக்கும், அதற்கு முன்போ பின்போ நாளைக் குறியுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "தாத்தாவுக்காக வா" என்று சொல்லாதீர்கள். அது அவள் சொன்னதைக் காதில் வாங்காதது போல ஆகும். "நீ சொன்னது சரி, அதனால்தான் விட்னிக்கு முதலில் போகிறோம்" என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லலாம். 1830களிலும் 40களிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்ததும், அதே கரும்புக் காட்டுக்கு ஆள் தேடி வந்த கப்பல்கள் நம் கரையிலும் நின்றன. மொரிஷியஸுக்கும், பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அது அடிமைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு இருந்தது, பெற்ற பிள்ளையைப் பிடுங்கி விற்க முடியாது. அந்த வித்தியாசத்தை மழுப்பாமல் சொல்லுங்கள். ஆனாலும் சர்க்கரைக்குக் கொடுத்த விலையில் நம் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியட்டும்.

படம் எடுப்பதைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். மரச் சாலையில் எடுத்துக்கொள்ளட்டும், குடிசை வாசலிலும் பெயர்ச் சுவரிலும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மகள் எந்தப் படத்திலும் நிற்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். கேமராவை அவள் கையிலேயே கொடுத்து, எதை எடுப்பது என்பதை அவளிடமே விட்டுப் பாருங்கள்.

டிக்கெட் எடுத்ததும் மாமாவின் சக்கர நாற்காலி விஷயத்தை பஸ் கம்பெனிக்குச் சொல்லி, முன்வரிசையில் இரண்டு இடம் கேட்டு வையுங்கள். போய்வந்த பிறகு உங்கள் மகள் எந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.